வெறுங்கையோடு நின்றவர்கள்

2025 சித்திரை ஒன்று, திங்கட்கிழமை. விசுவாவசு ஆண்டு பிறக்கிற விடியற்காலை. கோவையில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் அம்மா முந்தின இரவே கனி வைத்திருந்தாள். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் தாம்பாளம், அதில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, அவளுடைய ஒற்றைச் சங்கிலி, கொஞ்சம் சில்லறை. ஐந்து மணிக்கு எங்களை ஒவ்வொருவராக எழுப்பி, கண்ணைத் திறக்காதே என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கண்ணாடி முன்னால் நிறுத்துவது அவள் வழக்கம். அன்று என்னை எழுப்ப வந்தவள், நான் கூடத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். டிவியில் ஒருவர் புல்தரையில் மண்டியிட்டு, நெற்றியை மண்ணில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

“யாருப்பா அது? தோத்துட்டானா?”

“இல்லம்மா. ஜெயிச்சுட்டான்.”

அவர் ரோரி மெக்கில்ராய். இடம், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம். அங்கே அப்போது ஞாயிறு மாலை. மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள், கடைசிக் குழி, அதுவும் சமன் முறிக்கும் ஆட்டத்தில் மறுபடி ஆடப்பட்ட கடைசிக் குழி. கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் மூன்றை 2014க்குள்ளேயே வென்றுவிட்டவருக்கு, நாலாவதான மாஸ்டர்ஸ் மட்டும் அதன்பின் பத்து வருடம் கைக்கு வராமலே இருந்தது. நான்கையும் வென்றவர்கள் அதுவரை ஐந்தே பேர்: சாரசன், ஹோகன், பிளேயர், நிக்லாஸ், டைகர் வுட்ஸ். வுட்ஸ் அதைச் செய்த வருடம் 2000. கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஆறாவது ஆள்.

கோல்ஃப் பணக்காரர்களின் ஆட்டம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வேறு கணக்கு இருக்கிறது. என் அப்பா நீலகிரியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் முப்பத்தோரு வருடம் பை தூக்கியவர். ஆங்கிலத்தில் அந்த வேலைக்குப் பெயர் கேடி. எங்கள் ஊர்த் தமிழில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் எழுதி வைத்திருக்கிற ரௌடி. ஆறாம் வகுப்பில் வாத்தியார் “அப்பா என்ன வேலை?” என்று கேட்க, நான் “கேடி சார்” என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை என்னையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

சீகை மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அடித்த பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க ஒரு பையன் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பையன் நான். அங்கேதான் அப்பா எனக்கு மூன்று விஷயம் கற்றுக்கொடுத்தார். ஒருத்தர் அடிக்கும்போது உன் நிழல் பந்து மேல விழக் கூடாது. குழியைச் சுற்றி இருக்கிற மழித்த புல்லில், பந்து உருள வேண்டிய பாதையை மிதிக்கக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்: “அவரு தப்பா அடிச்சுட்டா உன் மூஞ்சில எதுவும் தெரியக் கூடாது. சிரிப்பும் கூடாது, ‘ச்சு’ன்னு பரிதாபமும் கூடாது. அடுத்த அடிக்கு அவருக்கு வேண்டியதை எடுத்துக் குடு.”

மெக்கில்ராய் அன்று எத்தனை தடவை தப்பாக அடித்தார் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி என்கிற ஆட்டத்தில், இரண்டு அடி முன்னிலையோடு தொடங்கியவர், முதல் குழியிலேயே இரண்டு அடி கூடுதலாக எடுத்து அதைத் தொலைத்தார். இரண்டாம் குழி முடிந்தபோது கூட ஆடிய பிரைசன் டிஷாம்போ முன்னால் போய்விட்டார். பிறகு மூன்றிலும் நான்கிலும் மீட்டு, பத்தாவது குழி தாண்டும்போது நான்கு அடி முன்னிலை. முடிந்துவிட்டது என்று காப்பி போடப் போனேன். திரும்பி வந்தால் பதின்மூன்றாவது குழி.

அந்தக் குழிக்கு முன்னால் ஒரு சிற்றோடை உண்டு. நீளக் குழி என்பதால் மெக்கில்ராய் அவசரப்படாமல், தண்ணீருக்கு இந்தப் பக்கமே இரண்டாவது அடியை நிறுத்திக்கொண்டார். நூறு கெஜத்துக்கும் குறைவான தூரம். எதிரே அகலமான பச்சைத் திட்டு. பந்து எங்கே வேண்டுமானாலும் விழலாம், வலது ஓரத்து ஓடையைத் தவிர. பந்து வலது ஓரத்தில் விழுந்து, சரிந்து, ஓடைக்குள் போனது.

அந்தக் கணத்தில் அகஸ்டா கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூச்சல் இல்லை. கேலி இல்லை. மாட்டுவண்டி குடைசாயும்போது தெருவில் நிற்கிறவர்கள் எல்லோர் வாயிலிருந்தும் ஒன்றாக வருமே, “அய்யோ” என்று ஒரு சத்தம், அது. அடுத்த நொடி அடக்கிக்கொண்டுவிட்டார்கள். அவர் அடுத்த பந்தைப் போட்டு அடிக்க வேண்டுமே.

இதே பதின்மூன்றாவது குழியை எங்கள் வீட்டில் முன்பே பார்த்திருக்கிறோம். 2011இல், இருபத்தொரு வயதுப் பையனாக, நான்கு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய மெக்கில்ராய் 80 அடித்து, எல்லாவற்றையும் இழந்தார். பதின்மூன்றில் பந்தைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, மட்டையை ஊன்றி, கைமேல் தலையைக் கவிழ்த்து நின்றார். பேப்பரில் வந்த அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இவன் கூட வந்தவன் எங்க நிக்கிறான்?” என்று கேட்டார். படத்தில் அந்த ஆள் இல்லை.

அகஸ்டாவில் பார்வையாளர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. அதில் முக்கியமானது, செல்போன் கூடாது. வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அவசரத்துக்குப் பேச உள்ளே இலவசத் தொலைபேசிகள் வைத்திருக்கிறார்கள். ஓடக் கூடாது. காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் ஒரு குழியருகே வைத்துவிட்டு நாள் முழுக்கச் சுற்றி வரலாம், அதில் உரிமைகொண்டாடி யாரும் உட்கார மாட்டார்கள். மின்திரை ஸ்கோர் பலகை கிடையாது. பலகைக்குப் பின்னாலிருந்து ஆட்கள் கையால் எண்ணை மாற்றுகிறார்கள். பதினெட்டாவது குழியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவருக்குப் பதின்மூன்றில் நடந்தது, பலகையில் ஓர் எண் கழற்றப்பட்டு வேறோர் எண் செருகப்படும்போதுதான் தெரியும். அதற்கு முன் மரங்களுக்கு மேலாக ஒரு முழக்கமோ ஒரு முனகலோ வந்திருக்கும். யாருக்கு, எதற்கு என்று அவர்கள் காதாலேயே ஊகிக்க வேண்டும்.

இதன் பலனை அன்று டிவியில் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இப்போதெல்லாம் எந்த விளையாட்டிலும் உச்சக்கட்டத்தில் கூட்டத்தைக் காட்டினால் ஆயிரம் போன்கள்தான் தெரியும். அகஸ்டாவில் முகங்கள் தெரிந்தன. ஒரு பெரியவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்திருந்தார். ஒரு பெண் வாயைப் பொத்தியிருந்தார். எல்லோருடைய கைகளும் வெறுங்கைகள். அதனால்தான் அந்தக் கைதட்டலுக்கு அவ்வளவு கனம் இருந்தது என்று நினைக்கிறேன். நம் ஊர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வரும்போது வடத்தைப் பிடித்திருக்கும் கைகளுக்கும், ஓரமாக நின்று படம் பிடிக்கும் கைகளுக்கும் உள்ள வித்தியாசம் அது.

பதினான்கிலும் ஓர் அடி போனது. பதினைந்தில், இருநூறு கெஜத்துக்கு மேல் தூரத்திலிருந்து, மரங்களைச் சுற்றி வளைத்து ஓர் அடி. பந்து குழிக்கு ஆறேழு அடி தூரத்தில் வந்து நின்றது. பதினேழிலும் அப்படி ஓர் அடி. பந்து காற்றில் இருக்கும்போதே “போ, போ” என்று கத்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார். முன்னே ஆடிக்கொண்டிருந்த ஜஸ்டின் ரோஸ் இதற்குள் பதினெட்டில் நீளமான ஒரு புட்டை, அதாவது மழித்த புல்லில் உருட்டிவிடும் அடியை, குழிக்குள் போட்டிருந்தார். மெக்கில்ராய் கடைசிக் குழியைச் சரியாக முடித்தால் வெற்றி. பந்தை மணலில் போட்டார், வெளியே எடுத்தார், ஐந்தடி தூரத்தில் ஒரு புட். அதைத் தவறவிட்டார். ரோஸோடு சமன்.

மறுபடி அதே “அய்யோ”. மறுபடி அதே அடக்கம்.

இந்த இடத்தில் ஹாரி டைமண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெக்கில்ராயின் பையைத் தூக்குகிறவர். வட அயர்லாந்தின் ஹோலிவுட் என்னும் சிற்றூரில், உள்ளூர் கோல்ஃப் கிளப்பில், ஏழு வயதில் பழக்கமான நண்பர். மெக்கில்ராயின் அப்பா பாரில் வேலை செய்தும் துப்புரவு வேலை பார்த்தும், அம்மா ஒட்டுநாடா தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் போயும் மகனை ஆட்டத்துக்கு அனுப்பிய நாட்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 2017இலிருந்து அவர்தான் பை. 2024 யுஎஸ் ஓப்பனில், பைன்ஹர்ஸ்ட்டில், கடைசி மூன்று குழிகளுக்குள் இரண்டு சின்னஞ்சிறு புட்களைத் தவறவிட்டு மெக்கில்ராய் ஓர் அடியில் தோற்றார். அதற்குப் பிறகு ரசிகர்களும் விமர்சகர்களும் டைமண்ட் மேல் பாய்ந்தார்கள். நண்பன் என்பதற்காக வைத்திருக்கிறான், தைரியமாக எடுத்துச்சொல்லத் தெரியாதவன், நல்ல ஆளாக மாற்றினால்தான் உருப்படுவான் என்றெல்லாம். மெக்கில்ராய் வெளிப்படையாக நண்பனுக்காகப் பேச வேண்டியிருந்தது.

எனக்கு அது சொந்தக் காயம். எங்கள் அப்பாவை ஒருமுறை ஒருவர், பந்தயம் வைத்து ஆடித் தோற்றதும், “நீ குடுத்த மட்டைதான்டா” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கூலியைத் தராமல் காரில் ஏறிப் போனார். அப்பா எடுத்துக் கொடுத்தது வேறு மட்டை. அவர் வாயே திறக்கவில்லை. பையைத் துடைத்து வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்பது எனக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும், நான் கேட்டதில்லை.

அகஸ்டாவில் ஐந்தடி புட்டைத் தவறவிட்டு, ஸ்கோர் அட்டையில் கையெழுத்திட்டு வெளியே வந்த மெக்கில்ராயிடம், மறுபடி பதினெட்டாம் குழிக்குப் போக வண்டியை நோக்கி நடக்கும்போது டைமண்ட் சொன்னாராம்: திங்கட்கிழமை காலையில் யாராவது இந்த நிலையைக் கொடுத்திருந்தால் நாம் வாங்கிக்கொண்டிருப்போமே, நண்பா, என்று. ஆட்டம் முடிந்த பிறகு மெக்கில்ராயே இதைச் சொன்னார், அது தன்னைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது என்று. எவ்வளவு சரியான வார்த்தை! இழந்ததை எண்ணாதே, கையில் இருப்பதைப் பார். பை தூக்குகிறவனுக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் அதைச் சொல்லும் உரிமை உண்டு. எங்கள் அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

சமன் முறிக்கும் குழியில் இருவரும் பிரமாதமாக அடித்தார்கள். ரோஸின் பந்து நல்ல தூரத்தில் நின்றது. மெக்கில்ராயின் பந்து சரிவில் பின்னோக்கி உருண்டு நான்கடிக்குள் வந்தது. ரோஸ் புட் செய்தபோது அத்தனை ஆயிரம் பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் மெக்கில்ராய் ஜெயிக்க வேண்டும் என்று வந்தவர்கள். “ரோரி, ரோரி” என்று மாலை முழுக்க முழங்கியவர்கள். ஆனாலும் ரோஸுக்கு உரிய மௌனத்தை அவர்கள் திருடவில்லை. அவர் பந்து குழியை விட்டு விலகிப் போனது. பிறகு மெக்கில்ராய், நாலடி, உள்ளே. முழங்கால்கள் மடிந்தன.

ரோஸுக்கு அப்போது 44 வயது. அன்று ஒரே நாளில் பத்துக் குழிகளில் தலா ஓர் அடி மிச்சப்படுத்தி 66 அடித்தார். 2017இலும் இதே அகஸ்டாவில் இப்படி ஒரு கூடுதல் ஆட்டத்தில் செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றவர். அவர் மெக்கில்ராயை அணைத்து, இந்தச் சாதனை நடக்கும்போது இதே புல்தரையில் நானும் இருந்தேன் என்பதில் மகிழ்ச்சி என்று சொன்னாராம்.

அகஸ்டாவை நான் கோயிலாக்க வரவில்லை. அந்த ஒழுங்கின் அடியில் ஒரு கசப்பு இருக்கிறது, பை தூக்கியவன் மகன் அதை மறைத்தால் பாவம். 1982 வரை மாஸ்டர்ஸில் ஆடுகிறவர்கள் தங்கள் ஆளைக் கொண்டுவர முடியாது, கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை மேலங்கி போட்ட அந்தக் கேடிகள் கறுப்பின மக்கள். அதே மைதானத்தில் போட்டியாளராக ஒரு கறுப்பினத்தவர், லீ எல்டர், காலடி வைத்தது 1975இல். கிளப்பில் ஒரு கறுப்பினத்தவர் உறுப்பினரானது 1990இல், பெண்கள் உறுப்பினரானது 2012இல். பென் கிரென்ஷாவுக்கு 1984இலும் 1995இலும் பை தூக்கி இரண்டு தடவை ஜெயிக்க வைத்த கார்ல் ஜாக்சன் அந்தக் கேடிகளில் ஒருவர். 1995இல் கிரென்ஷா தன் குருவை அந்த வாரம்தான் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். கடைசிப் பந்து விழுந்ததும் குனிந்து அழுதார். பின்னாலிருந்து அவர்மேல் கைவைத்துத் தாங்கியவர் ஜாக்சன். அந்தப் படம் எங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது.

ஆனால் அகஸ்டாவைத் தொடங்கிய பாபி ஜோன்ஸ் பார்வையாளர்களுக்கென்று 1967இல் எழுதிவைத்த ஒரு வேண்டுகோள் நல்லது, அதை யார் எழுதினாலும் நல்லது. ஆடுகிறவரின் தவறுக்கோ துரதிர்ஷ்டத்துக்கோ கைதட்டுவது இந்த ஆட்டத்தை நேசிக்கிறவர்களை மிகவும் வருத்தும் என்கிறது அது. எங்கள் அப்பா ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். அவர் என் தோளைப் பிடித்துச் சொன்னதும் இதுவேதான்.

அகஸ்டாவுக்கு ஐந்தே மாதம் கழித்து, செப்டம்பர் கடைசியில், நியூயார்க் பக்கம் பெத்பேஜ் மைதானத்தில், அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை நடந்தது. ஐரோப்பாவுக்காக ஆடிய அதே மெக்கில்ராய் மட்டையை ஓங்கும்போதெல்லாம் கெட்ட வார்த்தை. குடும்பத்தை இழுத்து ஏச்சு. முதல் குழியில் ஒலிபெருக்கி பிடித்திருந்தவரே அந்த வசையில் சேர்ந்துகொண்டு, பிறகு பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது. கூட்டத்திலிருந்து பறந்துவந்த ஒரு பானம் மெக்கில்ராயின் மனைவி மேல் பட்டது. ஐரோப்பா 15-13 என்று வென்றது. நாட்டுக்கு நாடு மோதும்போது இப்படித்தான் இருக்கும், டிக்கெட் காசு கொடுத்தவன் கத்தத்தான் செய்வான் என்று சமாதானம் சொன்னவர்கள் இருந்தார்கள்.

அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. டிக்கெட் காசு பார்ப்பதற்கு. ஒருவன் மனைவியை ஏசுவதற்கு உலகத்தில் எந்த மைதானத்திலும் டிக்கெட் விற்பதில்லை. நாட்டுப்பற்று என்று சொல்கிறவர்களுக்கு 1999 சேப்பாக்கத்தை நினைவூட்டுகிறேன். டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றது, பாகிஸ்தானிடம். சென்னைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் யாரும் தேசத்தை ஓர் அணு குறைவாக நேசிக்கவில்லை. அதே நாடுதான் 2007இல் உலகக் கோப்பை ஆட்டம் ஒன்று தோற்றதற்காக ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கியது. இன்று கல்லெறிய வீடு வரை போகத் தேவையில்லை, கையிலிருக்கும் போனே போதும். ஒரு கேட்ச் நழுவினால் அடுத்த நிமிடம் அந்த வீரரின் மனைவி, தங்கை, கைக்குழந்தை வரை வசை போய்ச் சேருகிறது.

நம் மைதானங்களில் போனை வாசலில் வாங்கி வைக்க முடியாது என்று சொல்வார்கள். கடைசி ஓவருக்காவது பாக்கெட்டில் வைக்கச் சொல்லலாம் என்பது என் கோரிக்கை. பள்ளிக்கூட விளையாட்டு விழாவிலிருந்து தொடங்கலாம். நூறு மீட்டரில் கடைசியாக ஓடிவருகிற பிள்ளையை அவன் அப்பாவாவது திரைவழியாக இல்லாமல் நேராகப் பார்க்கட்டும். அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தால் அரங்கமே சிரிக்கும் பழக்கத்தை வாத்தியார்கள் அன்றே, அங்கேயே நிறுத்தட்டும்.

அன்று விடிகாலை அம்மா கனியை மறந்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெக்கில்ராய் எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் ஓயவில்லை. மனைவி வந்தார், நாலு வயது மகள் வந்தாள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் நாளெல்லாம் பேசிய ஆட்டத்தை அம்மா ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இப்போது புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

“இவனுக்குப் பை தூக்கினவன் எங்கப்பா?”

வெள்ளை மேலங்கியோடு டைமண்ட் தெரிந்தபோது, விரலால் திரையைத் தொட்டுக் காட்டினேன்.